சப்பரம் எந்த மின்கம்பத்தில் நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்து சமயம் பிற சமயங்களோடு எவ்வாறு வாழ்ந்து வந்திருக்கிறது என்பது பற்றி அண்மையில் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் இரண்டு கடிதங்கள் வெளிவந்தன. இந்து சமயம் வரலாற்றில் எவரோடும் சண்டையிட்டதே இல்லை, வந்தாரையெல்லாம் வாழவைத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். மதுரையில் சமணர் கழுவேற்றப்பட்ட கதையையும் பௌத்தம் மறைந்துபோனதையும் எடுத்துக்காட்டி, இணக்கம் என்பதே பின்னாளில் கட்டிய பொய் என்று அதற்கு மற்றொருவர் மறுப்பு எழுதியிருந்தார். இருவரும் படித்தவர்கள் என்பது எழுத்திலேயே தெரிகிறது. ஆயினும் இருவருமே இணக்கத்தை ஒரு சமயத்தின் குணமாக, பிறவியிலேயே இருப்பதாகவோ இல்லாததாகவோ கருதிக்கொண்டு எழுதுகிறார்கள். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, அதில் பெரும்பகுதி அமைதிக் குழுக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன் என்ற முறையில், எனக்கு அது வேறு விதமாகத் தெரிகிறது. அதைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

1990-களின் நடுவில் நடந்த ஒரு கூட்டத்தை முதலில் சொல்ல வேண்டும். ஊரின் பெயர் வேண்டாம். இன்று அங்கே எல்லாரும் நன்றாகவே இருக்கிறார்கள். அம்மன் கோயில் சப்பரம் வழக்கமாகப் போகும் வீதியில் சிறு பாலம் ஒன்று இடிந்துவிட்டதால், அந்த ஆண்டு பள்ளிவாசல் இருக்கும் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும் என்ற நிலை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கோட்டாட்சியர் தலைமையில் கூட்டம். கோயில் தரப்பில் அறங்காவலரும் செயல் அலுவலரும் நாட்டாண்மைக்காரரும் வந்திருந்தார்கள். ஜமாஅத் தரப்பில் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியும் பெரியவர்கள் இருவரும் வந்திருந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் முழுவதும், காலங்காலமாக அண்ணன் தம்பியாகப் பழகி வருகிறோம் என்ற பேச்சாகவே போயிற்று. இரு தரப்பும் அதையே மாற்றி மாற்றிச் சொல்லின, ஒன்றும் நகரவில்லை. பேசப்பேசக் குரல்தான் ஏறியது.

மேளம் பற்றிய பிரச்சினை என்பதால் நாயனக்காரரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை வாசலோரம் நின்றுகொண்டிருந்த அவர் மெல்லச் சொன்னார்: “நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் ஐயா. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் திரும்ப எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். பாதி ராகத்தில் கையைப் பிடிக்காதீர்கள்.” அதன் பிறகுதான் கூட்டம் கூட்டமாக நடந்தது. தெருவில் எத்தனை மின்கம்பங்கள், பள்ளிவாசல் எதற்கும் எதற்கும் இடையில் இருக்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். தொழுகை நேரம் இல்லையென்றால் மேளத்தை நிறுத்தவே தேவையில்லை, ஓதுகிற பிள்ளைகள் பயப்படுவதால் வேட்டு மட்டும் வேண்டாம் என்று முத்தவல்லி தாமாகவே சொன்னபோது, எதிரில் இருந்தவர்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். மாலைத் தொழுகைக்கு முன் சப்பரம் எட்டாவது கம்பத்தைக் கடந்துவிட வேண்டும். தாமதமானால் நான்காவது கம்பத்திலேயே தொழுகை முடியும்வரை நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கிடையாது. அந்தத் தெருவில் வேட்டு எப்போதும் கிடையாது. இந்த நான்கு வரிகளை நான் எழுத, எல்லாரும் கையெழுத்திட்டார்கள். அன்று பேச்சில் வேதமும் வரவில்லை, குர்ஆனும் வரவில்லை. மறு ஆண்டு பாலம் சரியாகிவிட்ட பிறகும் அந்தத் தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் சப்பரம் அங்கேயும் ஒரு சுற்று வந்துபோனது.

இந்த நான்கு வரிகளை எழுதி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கழித்து, கர்நாடகத்துச் சிரவணபெளகொளாவில் உள்ள 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றின் வாசகத்தைப் படிக்க நேர்ந்தது. விஜயநகர அரசர் முதலாம் புக்கர் காலத்தது. சமணர்களுக்கும் ஸ்ரீவைணவர்களுக்கும் தகராறு முற்றி, தங்களுக்கு அநீதி இழைக்கப்படுகிறது என்று பல ஊர்ச் சமணர்கள் கூடி அரசரிடம் முறையிட்டார்கள். திருவரங்கம், திருப்பதி, காஞ்சி, மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களை உள்ளிட்ட வைணவப் பெரியவர்கள் முன்னிலையில், புக்கர் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் வைத்தார். சமண தரிசனத்துக்கும் (அதாவது சமய நெறிக்கும்) வைணவ தரிசனத்துக்கும் வேற்றுமை இல்லை என்று கல்வெட்டு சொல்கிறது. நம் மேடைகளில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எனக்கு அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமாகப் பட்டது. ஐவகை வாத்தியங்களையும் கலசத்தையும் சமணர்கள் முன்போலவே பயன்படுத்தலாம். பக்தர்களால், அதாவது வைணவர்களால், சமண தரிசனத்துக்கு ஏதேனும் கேடு நேர்ந்தால் அதை வைணவத்துக்கு நேர்ந்த கேடாகவே கொள்ள வேண்டும். நாடு முழுவதும் உள்ள சமணர்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் கொடுக்க வேண்டும்; திருமலையைச் சேர்ந்த தாத்தய்யா என்பவர் அந்தப் பணத்தைக் கொண்டு பெளகொளாத் தெய்வத்துக்கு இருபது காவலாளரை நியமிக்க வேண்டும். மீதிப் பணத்தில் பழுதுபட்ட சமணக் கோயில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இந்தச் சாசனத்தைச் சமணப் பள்ளிகள்தோறும் வைணவர்களே நாட்ட வேண்டும். எழுத்தில் மேளத்துக்கு ஒரு வரி, காவலுக்கு ஒரு வரி, செலவுக்கு ஒரு வரி, மீதிப் பணத்துக்கும் ஒரு வரி! அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையைச் சேர்ந்த ஒருவர்தான் அந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்து குறிப்பு எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

சமணர்கள் முறையிட்டார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அநீதி நடந்திருக்கிறது, அதனால்தான் கல்வெட்டு பிறந்தது. முதல் கடிதக்காரர் கவனிக்கத் தவறியது இதைத்தான். சம்பந்தரின் பதிகங்கள் பெரும்பாலானவற்றில் பத்தாம் பாடல் சமணரையும் சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் கடிந்து பேசுவது. அதை ஓதுகிற நாமே எங்களுக்குச் சண்டை தெரியாது என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். இரண்டாவது கடிதக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாகச் சொல்வது சைவ நூல்களும் சைவ மரபும்தான். அக்காலத்துக் கல்வெட்டோ சமணர்களின் பதிவோ அதை உறுதிப்படுத்தவில்லை என்பதை ஆய்வாளர்கள் பலர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நடந்திராத ஒன்றைப் பெருமையாகப் பாடிவைத்திருக்கிறார்கள் என்றால் அதுவும் யோசிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அது வேறு விஷயம்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை இருவருமே குறிப்பிடாதது வியப்பாக இருந்தது. கடல் கடந்து இன்றைய இந்தோனேசிய, மலேசியப் பகுதியில் இருந்த ஸ்ரீவிஜயத்தின் அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் எழுப்பிய பௌத்தப் பள்ளி அது. பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டிருந்த அதே இராசராசன், ஏறத்தாழ 1006-இல், அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடும் கொடையாக, எழுதிக்கொடுத்தான். அந்தச் செப்பேடு இன்று நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பெயரோடு சேர்த்து லெய்டன் செப்பேடு என்று அறியப்படுகிறது. இருபத்தொரு ஏடுகள், அவற்றில் ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். வடமொழிப் பகுதி குலப்பெருமை பேசும். தமிழ்ப் பகுதி நிலத்தைப் பேசும். எல்லையில் பிடியானையை நடத்திக் கல்லும் கள்ளியும் நாட்டினார்கள் என்றும், வாய்க்கால், திடல், பக்கத்து ஊர் என்று ஒவ்வொரு திசையாகவும் எல்லையைச் சொல்லிக்கொண்டு போகிறது. நில அளவைப் பதிவேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அலுக்காது. சிவபாதசேகரன் என்று பட்டம் சூடிக்கொண்ட அரசனின் அதிகாரிகள், புத்தருக்குப் போகும் நெல்லில் ஒரு நாழி குறையக் கூடாது என்று வெயிலில் நின்று எல்லை அளந்திருக்கிறார்கள்.

இதை வணிக லாபம் என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. லாபமும் இருந்திருக்கும், இல்லையென்று நான் வாதிடப் போவதில்லை. ஆனால் 1025-ஐ ஒட்டி இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்தான். ஸ்ரீவிஜயத்தின் கடாரத்தை வென்றவன் நாகப்பட்டினத்தில் நின்ற கடாரத்தான் விகாரத்தை விட்டுவைத்தான். 1090-இல் முதலாம் குலோத்துங்கன் அந்த விகாரத்தின் நிலங்களுக்கு வரிவிலக்கை மறுபடி எழுதிக்கொடுத்திருக்கிறான். போர் மூண்டாலும் ஏட்டில் எழுதிய ஏற்பாடு செல்லுபடியாயிற்று என்பதே இதில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அந்த வளாகத்தின் எஞ்சிய செங்கல் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டு வரை கடலோரத்தில் நின்றது. 1867-இல் ஆங்கிலேய அரசின் அனுமதியோடு அதை இடித்தார்கள்.

இராசராசனின் தமக்கை குந்தவை, திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்தில் சிவனுக்கு ஒன்று, திருமாலுக்கு ஒன்று, சமணருக்குக் குந்தவை ஜினாலயம் ஒன்று என மூன்று கோயில்களை எடுப்பித்ததையும், கொல்லத்தில் 849-ஆம் ஆண்டு வேணாட்டு ஐயனடிகள் கிறித்தவப் பள்ளி ஒன்றுக்கு நிலமும் உரிமைகளும் கொடுத்த தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் இங்கே பெயரளவில் மட்டும் குறிப்பிட்டு நகர்கிறேன். பின்னதில் சாட்சிகள் அரபு, பாரசீக, எபிரேய எழுத்துகளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்து அரசன் கிறித்தவருக்குக் கொடுத்த பத்திரத்தில் முஸ்லிமும் பார்சியும் யூதரும் சாட்சி! இன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தில்கூட அப்படியொரு பத்திரம் எளிதில் கிடைக்காது.

அரசர்கள் மட்டும் இதைச் செய்யவில்லை. திருவரங்கம் 1311-இலும் 1323-இலும் தில்லிப் படைகளால் சூறையாடப்பட்ட ஊர். உற்சவ மூர்த்தி ஊர் ஊராக மறைந்து திரிந்து 1371-இல்தான் திரும்பி வந்தார். அப்படி அடிபட்ட ஒரு கோயிலுக்கு உள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி இருக்கிறது. பெருமாளின் மேல் காதல் கொண்டு அவரைத் தேடி வந்த சுல்தானின் மகள் என்பது கோயில் மரபு. அங்கே விக்கிரகம் இல்லை. சுவரில் எழுதிய ஓவியம் மட்டும் உண்டு. உருவம் வைத்து வணங்காத மரபில் பிறந்தவள் என்பதால் அவ்வாறு என்று என்னை அழைத்துச் சென்றவர் விளக்கினார். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிறார்கள். கைலி உடுத்தும் நாளும் உண்டு. கதை வரலாறா என்று கேட்டால் வரலாறு என்று சொல்ல என்னால் இயலாது. ஆனால் தங்களைக் கொள்ளையிட்டவர்களின் வீட்டுப் பெண் என்று ஒருத்தியைக் கற்பித்து, அவளுக்குப் பிடித்த உணவு என்னவாக இருக்கும் என்று யோசித்து, அதைத் தளிகையில் சேர்த்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது வரலாறுதான். நாகூரில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங் தர்காவில் எழுப்பிய மனோரா என்னும் உயரமான கோபுரமும், சபரிமலைக்கு மாலையிட்டவர்கள் எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம் வந்துவிட்டு மலையேறுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை.

நம் தரப்பில் பெருமைப்படுவதற்கு உரியது இவ்வளவு இருக்கையில், எனக்கு நெடுநாளாக ஒரு சங்கடமும் உண்டு. நல்லிணக்க மேடைகளில் நம்மவர் எழுந்து, எல்லா மதமும் ஒன்றே, எல்லா ஆறும் கடலுக்கே என்று முடிப்பார். அவர் உள்ளன்போடுதான் சொல்கிறார். ஆனால் அது ஓர் இந்துவின் வாக்கியம். வேறு தெய்வங்களை வழிபடுகிறவர்களும் என்னையே வழிபடுகிறார்கள் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்கிறான்; முறைப்படி அல்லாமல் என்று அதே சுலோகத்தில் சேர்த்தும் சொல்கிறான். பக்கத்தில் அமர்ந்திருக்கும் மௌலவியோ பாதிரியாரோ அந்த வாக்கியத்தில் கையெழுத்திட மாட்டார். இட வேண்டிய அவசியமும் இல்லை. தம் சமயமே முழு உண்மை என்று நம்பும் ஒருவர் என் பக்கத்து வீட்டில் குடியிருக்கலாம். அவர் அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுத்தால்தான் இணக்கம் என்று நான் எதிர்பார்ப்பேனானால், அவரை என் வீட்டு அறை ஒன்றில் குடியேறச் சொல்கிறேன் என்றுதான் பொருள்.

உள்ளிழுத்துக்கொள்வதும் சில வேளைகளில் அழிப்பதற்கு நிகராகிவிடும். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை ஆய்ந்து அறிக்கை தர, 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே கும்பிட்டவர்கள் எவரையும் ஏமாற்றவில்லை, கையெடுத்தவர்கள்தாம். ஆனாலும் புத்தரின் பெயர் அந்த ஊரிலிருந்து போய்விட்டது. நாங்கள் எல்லாரையும் ஏற்றுக்கொண்டோம் என்று சொல்வதற்கு முன், ஏற்கப்பட்டவருக்குத் தம் பெயர் மிஞ்சியதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் நூற்றுக்கு 87 பேருக்கு மேல். கிறித்தவரும் முஸ்லிம்களும் தலா 6 பேரை ஒட்டி. சமணர் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில். இவ்வளவு பெரும்பான்மையாக இருப்பவர் நாம் எல்லாரும் ஒன்று என்று சொல்லும்போதும், ஆயிரத்தில் ஒருவராக இருப்பவர் அதே சொல்லைக் கேட்கும்போதும் காதில் விழுவது ஒன்றாக இராது.

வெளியாரோடு இணக்கம் பேசுகிற நாம் உள்ளே என்ன செய்தோம் என்பதை 1981-இல் தென்காசியை அடுத்த மீனாட்சிபுரம் என்னும் சிற்றூர் கேட்டது. அங்கே இஸ்லாத்தைத் தழுவிய தாழ்த்தப்பட்ட மக்கள் முதலில் பேசியது டீக்கடையையும் தெருவையும் பற்றித்தான். மறு ஆண்டே கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறித்தவர்களும் மோதி உயிர்கள் போயின. சைவ மடத் தலைவரான குன்றக்குடி அடிகளார் அங்கே சென்று இரு தரப்பு மக்களையும் நேரில் பார்த்துப் பேசினார். காவி உடையில் ஒருவர் மீனவக் குடியிருப்பில் போய் நின்றது அன்று சிறு செயல் அன்று. அதை அறிந்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள்.

ஊர்வலமும் மேளமும் சட்டத்துக்கும் புதிது அல்ல. சேலத்தில் 1882-இல் பள்ளிவாசல் வழியே இசையோடு செல்வது பற்றி எழுந்த கலவரத்தை அடுத்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கு போயிற்று. பொதுத் தெருவில் ஊர்வலம் செல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. ஆனால் பிறர் வழிபாட்டைக் குலைக்காமலும் அதிகாரியின் நியாயமான கட்டளைக்கு உட்பட்டும் செல்ல வேண்டும் என்பதே அன்றிலிருந்து நிலைத்துவந்த சட்டம். இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தீர்ப்பு உரிமை யாருக்கு என்று சொல்லும். எத்தனையாவது கம்பம் என்று சொல்லாது. அதை ஊர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஊர் சொல்லிக்கொள்ளும் அந்தப் பழக்கம் தேய்ந்துவருகிறது என்பதே நான் இதை எழுதக் காரணம். என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் அமைதிக் கூட்டம் என்றால் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு காவல் துறை அழைக்கும் கூட்டம் என்று ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் இரு பக்கமும் அமர்ந்து கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். தெருவில் எத்தனை கம்பம் என்று எவருக்கும் தெரியாது. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் பழைய ஒப்பந்தங்கள் இருந்த கோப்பைக் கேட்டபோது, இடம் போதவில்லை என்று கழிவுத்தாளோடு போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மூன்று தலைமுறை முன்பு யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது அதில் இருந்தது. அது தெரிந்தால், அடுத்தவர் விட்டுக்கொடுப்பதே இல்லை என்ற பேச்சு எடுபடாது. கல்லில் வெட்டியதால் புக்கரின் கூட்டம் நமக்குத் தெரிகிறது. தாளில் எழுதிய எங்கள் கூட்டங்கள் எடைக்குப் போய்விட்டன.

எனவே இரண்டு கோரிக்கைகள். அமைதிக் குழுக்கள் விழாவும் பதற்றமும் இல்லாத மாதங்களிலும் கூட வேண்டும். நாயனக்காரர், சப்பரம் தூக்குவோர், பாங்கு சொல்பவர், தேவாலயப் பணி பார்க்கும் கோயில்பிள்ளை ஆகியோருக்கும் அதில் நாற்காலி இருக்க வேண்டும். பழைய ஒப்பந்தங்களை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகமும் தேடி எடுத்துத் தனிப் பதிவேடாக வைத்து, கேட்கிற எவருக்கும் நகல் தர வேண்டும்.

தங்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கேனும் தகராறு என்றால் தங்கள் நாளிதழில் முதல் பக்கத்தில் செய்தி வருகிறது. பேசித் தீர்ந்தால் ‘சுமுக உடன்பாடு’ என்று உள்பக்கத்தில் இரண்டு வரி. அந்த உடன்பாட்டில் என்ன எழுதினார்கள் என்பதையும் ஒருமுறை அச்சிட்டுப் பாருங்கள். நேரம், தெரு, கம்பம், மேளம், வேட்டு என்று எல்லாவற்றையும் போடுங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்
(பெயர், முகவரி தங்கள் பார்வைக்கு மட்டும்)